தறி நிற்கிற நாளில்தான் பிரஷர் பார்ப்பேன்

அடுத்தவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, வருகிற எண்ணை அவரிடமே சொல்லி, அதற்கு வசவும் வாங்கிக்கொள்வதுதான் என் தொழில். இன்ஷூரன்ஸ் பிடிக்க அலைகிறவர்கள், கணக்கெடுப்புக்குப் போகிற டீச்சர்கள், தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டிப் பிழைக்கிற வயிற்றுக்குக் கதவின் அருமை தெரியும். உங்களையாவது வாசலோடு அனுப்பிவிடுவார்கள். என்னை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அதன் பிறகு திட்டுவார்கள்.

சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. 'பிரஷர்காரி' என்றால் தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனமும் கைகோத்து, நகரத்து மக்களின் இதயத்தைக் காப்பாற்றத் திட்டம் போட்டார்கள். மேலே இருந்து எண்ணிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்கிற ஆள் நான். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதின மாத்திரையை வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை விழுங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டும் லேசு.

நாங்கள் நகரமா?

எங்களுக்குப் பயிற்சி திருநெல்வேலியில் நடந்தது. பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஏசி. சுவரில் ஒரு படத்தைக் காட்டினார்கள். அதில் பெரிய பெரிய ஊர்கள் பெரிய பெரிய வட்டங்களாக இருந்தன. ஓரத்தில் கடுகளவில் ஒரு புள்ளி, அதுதான் நாங்கள். சென்னையிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் நவீன் சார், நல்ல பையன், சிரித்த முகம், அவர்தான் சொன்னார்: உங்கள் ஊரைச் சோதனைக்காகத்தான் சேர்த்திருக்கிறார்கள், அதை நகரம் என்று சொல்லலாமா என்று வெளிநாட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது, தகவல்கள் சரியாக வராவிட்டால் முதலில் கழற்றிவிடப்படுவது சங்கரன்கோவில்தான்.

எனக்கு வந்த கோபத்தில் ஏசி குளிர் தெரியவில்லை. ஊர் திரும்பினதும் டீக்கடையில் கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். ஐம்பது வயது தாண்டியாயிற்று, ஒண்டியாளாக நாலு தறியைப் பார்த்துக்கொள்வார். என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்களில் எனக்கு அதிகம் பயம் காட்டுகிற எண் அவருடையது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மா தருவார்கள்தான். ஆனால் வரிசையில் நின்றால் அரை நாள் தறி நிற்கும் என்று அவர் போகவே மாட்டார். திட்டத்தை இந்த ஊரிலிருந்து எடுத்தால் அவருக்கு மாத்திரை இல்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"வீட்டு வரி வாங்கும்போது நாங்க நகராட்சி, நெஞ்சு வலிக்கும்போது மட்டும் பட்டிக்காடா தங்கச்சி?"

சும்மா இருக்கிற ஐந்து நிமிடம்

அளப்பதற்கு முன்னால் ஆள் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், பேசக் கூடாது. இது வெளிநாட்டில் எழுதிய விதி. எழுதியவர்கள் எங்கள் முப்பிடாதி அக்காவைப் பார்த்ததில்லை.

முப்பிடாதி அக்கா நைட்டி தைக்கிறவள். மெஷினும் வாயும் ஒரே மோட்டாரில் ஓடும். அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, "அக்கா, அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கப்படாது" என்றேன். பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முப்பிடாதி மெஷினை நிறுத்திவிட்டு, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறாள். என்ன நினைப்பாள்? இரண்டே நிமிடத்தில் தெருவே வாசலில் கூடிவிட்டது. ஒருத்தி மூக்கைச் சிந்தவே ஆரம்பித்துவிட்டாள். மகன் மதுரையில் வேலை பார்க்கிறானே, அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வந்த எண்ணை நான் எழுதவில்லை. விதியைச் சொல்லி மறுபடி உட்காரச் சொன்னதும் அக்கா எழுந்து மெஷினுக்குப் போய்விட்டாள்.

"சும்மா இருந்தாத்தான்ட்டி எனக்கு பிரஷர் ஏறுது, நீ நாளைக்கு நான் தைக்கும்போது வந்து பாரு."

செட்டுக்குள்ளே

முதலில் நானும் அந்த விதியைக் கேலி செய்தவள்தான். தறி ஓடுகிற கொட்டகை, எங்கள் ஊர்ப் பேச்சில் செட்டு, அதற்குள் போன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

விசைத்தறி ஓடுகிற இடத்தில் யாரும் பேசுவதில்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. எல்லாம் சைகைதான். நூல் அறுந்தால் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார்கள். முதலாளி வருகிறார் என்றால் இல்லாத மீசையை முறுக்குவார்கள். தறியை நிறுத்து என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்குவார்கள். நான் உள்ளே நுழைந்தால் மேல்கையைப் பிடித்து அமுக்கிக் காட்டுவார்கள், அது எனக்குக் கிடைத்த பட்டம். முதல் தடவை கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு அங்கேயே வைத்துப் பார்த்தேன். தரை அதிர்ந்தது, பெஞ்சு அதிர்ந்தது, அவர் கண் நாலு தறியிலும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து எனக்கு வியர்த்தது. அதை நம்பி மாத்திரையைக் கூட்டவும் முடியாது, நம்பாமல் விடவும் முடியாது.

அப்புறம்தான் எனக்கு வழி கிடைத்தது. மாதத்துக்கு ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மத்தியானம் வரை கரண்டை நிறுத்தும். முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஊரில் எல்லாரும் மின்வாரியத்தைத் திட்டுவார்கள், நான் ஒருத்தி மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். தறி நிற்கும். தெரு அடங்கும். ஆட்கள் செட்டு வாசலில் வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் சும்மா இருக்க வைத்து ஒழுங்காகப் பார்ப்பேன். அண்ணாச்சிக்கு முதல் தடவை செட்டுக்குள் வந்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் பயப்பட வேண்டிய எண்தான். விதி எழுதினவர்கள் விவரமானவர்கள் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். பட்டையை அவிழ்க்கும்போது அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"தறி நின்னாத்தான் தங்கச்சி எனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கதே தெரியுது."

டப்பா சூப்

உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு வண்ண அட்டை அனுப்பினார்கள். எழுத்தெல்லாம் தமிழ்தான். படம் மட்டும் அங்கேயே வரைந்தது. டப்பாவில் அடைத்த சூப், பாலாடைக்கட்டி, உப்பில் பதப்படுத்திய ஏதோ ஒரு இறைச்சி. எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாயும், கருவாடும், மோர்மிளகாயும் இல்லாத அட்டையை வைத்து இந்த ஊரில் உப்பைக் குறைக்கப் போகிறேனாம்.

நான் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் நுழைய ஆரம்பித்தேன். ஊறுகாய் ஜாடியை நானே எட்டாத பரணில் தூக்கி வைப்பேன். "யாரு வீட்டு ஜாடியில யாரு கை வைக்கது" என்று சண்டை வரும். வரட்டும். அம்மி கொத்துகிறவள் சிதறலுக்குப் பயப்பட முடியுமா? ஒரு வீட்டில் மட்டும் சண்டையே இல்லை. அந்த அம்மாள் அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்து, ரொம்பத் திருப்தியாகத் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுல உள்ளது எதையும் நான் கண்ணாலயே பாத்ததில்ல, அதனால எல்லாத்தையும் விட்டுட்டேன்னு எழுதிக்கோ."

ஆடிச்சுற்று

தினமும் நடக்கச் சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் காலையில் காரணமில்லாமல் ரோட்டில் நடந்தால், வீட்டில் என்ன சண்டை என்று நாலு பேர் கேட்பார்கள். ஆனால் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறட்டும், அதே பெண்கள் கோவிலை வலம் வந்துகொண்டே இருப்பார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், நாம் சுற்றினால் அந்தக் கால்வலியில் கொஞ்சம் நமக்கு வரும், அவளுக்குக் குறையும் என்பது நம்பிக்கை. நான் அதையும் நடைப்பயிற்சி என்றே எழுதினேன். இது மதம் சம்பந்தப்பட்டதில்லையா என்று நவீன் சார் போனில் இழுத்தார். காலுக்கு அதெல்லாம் தெரியாது சார் என்றேன்.

அந்தச் சுற்றில்தான் ஒரு விஷயம் காதில் விழுந்தது. கோமதிநாயகம் அண்ணாச்சி விரதம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். நிறுத்திவிட்டு ஆடிச்சுற்று வேறு சுற்றுகிறார். மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நானும் சுற்றினேன். "மாத்திரை என்ன சோறா அண்ணாச்சி, விரதம் முறியுததுக்கு?" என்றேன். "தண்ணி ஊத்தி முழுங்குதோம்லா" என்றார். "விரதத்துல தண்ணி குடிக்கலாம்லா" என்றேன். வேகத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன். எனக்கு மூச்சு வாங்கிற்று. கூட வந்த அவர் மனைவி பேச்சியம்மாள் அக்காதான் என் காதோடு விஷயத்தைச் சொன்னாள்: "விரதமாவது ஒண்ணாவது. அவுக அண்ணன் மாத்திரை போட ஆரம்பிச்ச மாசந்தான் தறியிலயே விழுந்து செத்தாக. நாலு நாள் போட்டுட்டு, சொகமாயிட்டுன்னு விட்டதுனால செத்தாக. இவுக போட்டதுனாலதான் செத்தாகன்னு நெனைக்காக. பயம்."

எனக்கு அதுவரை இருந்த கோபம் அப்படியே திசை மாறிவிட்டது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் முன்னால் போய் வழியை மறித்தேன். "அம்பாள் ஒத்தக்கால்ல நிப்பா, அவளுக்கு பிரஷர் கெடையாது. உங்களுக்கு இருக்கு. நீங்களும் தறியில விழணுமா? அக்காவை யாரு பாப்பா?" என்று சத்தம் போட்டேன். சுற்றுகிற கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. அவர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

"அம்பாள் கேட்டா, பிரஷர்காரிதான் வம்பு பண்ணிக் குடுத்தான்னு உன்னையக் கை காட்டிருவேன், ஆமா."

எல்லாம் ஒரே தேதி

பிறகுதான் வந்தது வினை. நவீன் சார் போன் செய்தார், குரலில் சிரிப்பில்லை. சங்கரன்கோவிலில் தறிக்காரர்களின் அளவு முழுவதும் மாதத்தில் ஒரே நாளில் வருகிறது, மற்ற நாள்களில் ஒன்றுகூட இல்லை, அது எப்படி என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கற்பனையாக எழுதிவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்கள். நான் மின்தடையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, பாவம். ஆனால் அதை மேலே விளக்கப் பயந்தார். "அக்கா, அளவெல்லாம் அப்படியே இருக்கட்டும். தேதியை மட்டும் கொஞ்சம் கலைச்சுப் போட்டுடுங்க. பார்க்க இயல்பா இருக்கும். இல்லேன்னா ஊரையே எடுத்துடுவாங்க" என்றார்.

முடியாது என்றேன். உண்மையாகப் பார்த்ததைப் பொய் போலத் தெரிகிறது என்பதற்காகப் பொய்யாக மாற்று என்கிறார், இந்த நியாயம் எந்த நாட்டில் உண்டு? ஊரை எடுத்துவிடுவார்கள் என்றதும் அண்ணாச்சி முகம் கண் முன்னால் வந்தது. அப்போதும் முடியாது என்றேன். கேள்வி கேட்டவர்களையே என்னோடு பேசச் சொல்லுங்கள் என்று போனை வைத்தேன். என்னோடு வேலை பார்க்கிற செல்வி, திருவேங்கடம் ஊர்க்காரப் பிள்ளை, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டாள். வாத்தியார் மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"நீ சொன்னதுதான் சரிக்கா, ஆனா அடுத்த மாசம் நம்ம ரெண்டு பேருக்கும் நைட்டி தைக்கத் தெரிஞ்சிருக்கணும்."

கேமரா முன்னால்

வீடியோ காலில் பேச நேரம் குறித்தார்கள். அமைதியான அறையில் உட்கார்ந்து பேசுங்கள் என்று நவீன் சார் கெஞ்சினார். நான் நேரே தறி செட்டுக்குள் போய் நின்று போனை எடுத்தேன்.

திரையில் வெள்ளை முடி வைத்த ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா. வாய் அசைந்தது. என் வாயும் அசைந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு கட்டத்தில் நவீன் சார் தலையில் கை வைத்தார். அப்போது கோமதிநாயகம் அண்ணாச்சி தறியை விட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். தன் மேல்கையை அமுக்கிக் காட்டினார். தறியைக் காட்டினார். இரண்டு காதையும் பொத்தி, தலையை ஆட்டினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கி, மறுபடியும் மேல்கையை அமுக்கி, இப்போது சரி என்று தலையசைத்தார். டாக்டரம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். அப்புறம் அவரும் தன் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினார்.

நாங்கள் வெளியே வந்த பிறகு நவீன் சார் அவர் கேட்டதை மொழிபெயர்த்தார்: எல்லா இடத்திலும் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம், நீங்கள் இதற்காக ஒரு மாதம் காத்திருக்கிறீர்களா? அடுத்த மின்தடை நாளில் எனக்கு நேரில் காட்டுங்கள், முடிவை அதன் பிறகு சொல்கிறேன். அண்ணாச்சி சட்டையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டார்.

"அந்தம்மா தறிக்கு வந்தா, ரெண்டே நாள்ல வேலை படிச்சிரும்."

போகாத கரண்ட்

சக ஜீவன்களே, கரண்ட் போகாதே என்று நாம் கும்பிட்ட நாளெல்லாம் அது போயிருக்கிறது. வாழ்க்கையில் ஒரு நாள், போ என்று கும்பிட்டேன். அன்றைக்குப் பார்த்து கடைசி நேரத்தில் மின்தடையை ஒத்திவைத்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் தெரு முழுக்க தறி அதிர்கிறது. டாக்டரம்மா போனில் வந்துவிட்டார், அவருக்கு அங்கே விடிந்துகூட இருக்காது. செல்வி போனைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். ஊரைக் கழற்றிவிட அவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கோமதிநாயகம் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தன் நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். நெய்த சேலைக்குத்தான் கூலி, நின்ற தறிக்கு யாரும் தர மாட்டார்கள். வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார், பாதத்தைத் தரையில் வைத்தார், வாயை மூடினார். மற்ற தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவர் உள்ளே திரும்பி, உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினார். பக்கத்துத் தறி நின்றது. அடுத்தது நின்றது. எதிர் செட்டில் எட்டிப் பார்த்தவன் உள்ளே போனான், அங்கேயும் அடங்கியது. மின்வாரியம் செய்யாததைத் தெரு தானே செய்தது. கடைசித் தறிக்காரன் மட்டும் அவசரமாக மீசையை முறுக்கிக் காட்டினான்.

முதலாளி வந்துவிட்டார். "கரண்டு இருக்கும்போது எவம்லே தறிய நிப்பாட்டுனது?" என்று கத்தினார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் ஆகவில்லையே, பேசக் கூடாதே! நான் பேச வாயெடுத்தேன், அவர் விரலைத் தூக்கி என்னையும் அடக்கினார். முதலாளி கத்திக்கொண்டே இருந்தார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பேர் அமைதியாக இருந்தால் ஒரு ஆள் எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? அவரும் ஓய்ந்துபோனார். போனுக்குள் டாக்டரம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினேன். எண் நின்றது. இத்தனை நாளில் முதல் தடவையாக, பயப்பட வேண்டாத எண். விரதத்தை மீறி விழுங்கின மாத்திரை வேலை செய்திருக்கிறது. அண்ணாச்சி அதைத் தானே குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகத் தலையைத் தூக்கி முதலாளியிடம் சொன்னார்:

"கவர்மெண்டு நிப்பாட்டுனா அஞ்சு மணி நேரம் பேசாம நிக்கேளே மொதலாளி, என் நெஞ்சுக்காக அஞ்சு நிமிஷம் நிக்கட்டும், எங்க அண்ணனுக்கு யாரும் நிப்பாட்டல."

டாக்டரம்மா எங்கள் அளவை ஏற்றுக்கொண்டார், திட்டம் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது, நாங்கள் நகரமா இல்லையா என்ற பேச்சும் அங்கே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் கருவி கடல் தாண்டி வரும், மாத்திரை சென்னையிலிருந்து வரும், சுவிட்சை மட்டும் நாமேதான் அணைத்தாக வேண்டும் என்பது எங்கள் தெருவுக்குத் தெரிந்துபோயிற்று.